எலுமிச்சம்பழம் வைக்காத நாள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து மலையை டுரியான் பழமரம் நடுவதற்காக மொட்டையடித்த மண்வாரி ஓட்டுநர் அவர். பெயர் தெரியாது. வலது காதில் பாதி இருக்காது. தினமும் மண்வாரியின் சங்கிலிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் மலையேறுவார்.

ஒரு பிற்பகல் மழையில் அந்த மலை பாறையும் சேறுமாக இறங்கி அடிவாரத்தில் வரிசையாய் இருந்த எங்கள் லயத்து வீடுகளை நொறுக்கியது. அண்ணனைக் காணவில்லை. மண்வாரியோடு தோண்ட வந்தவரும் அவர்தான். இழுத்துப்போட்டு அறைந்தேன்.

"மலைய வழிச்சவன்தானே நீ! இன்னிக்கும் பழத்த நசுக்கிட்டு ஏறுடா!"

"இன்னிக்கு எதையும் நசுக்கக் கூடாதுலா, தம்பி. கீழ ஆளு இருக்கு."

மண்வாரியை நிறுத்திவிட்டு வெறுங்கையால் தோண்டினார். அண்ணனின் உடல் அவர் கையில்தான் கிடைத்தது. நன்றி சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. இன்னொரு முறை அறையவும் மனம் வரவில்லை.