சல்லடையில் நின்றவை

செய்தி எனக்கு ஆபீஸ் வழியாக வரவில்லை. ஆடு மேய்க்கும் சின்னக்கருப்பு அண்ணன்தான் போன் செய்தார். திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். "சார், மேடம் போயிட்டாங்களாமுங்க" என்றார். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு மேடம்தான் உண்டு. தங்கள் பக்கம் மழை பெய்ததைச் சொல்லலாம் என்று காலையில் மேடத்துக்குப் போன் போட்டிருக்கிறார். மகள் எடுத்து, விடியற்காலையில் நெஞ்சுவலி வந்ததையும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதையும் சொல்லியிருக்கிறாள். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

செல்வராணியை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிப் படித்தவர். பதினெட்டு ஆண்டுகள் அவரும் நானும் ஒரே மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு மாடி, இரண்டு அறைகள், மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை, அவ்வளவுதான். மண்ணை எடுத்து வருவதும் சலித்துக் கொடுப்பதும் என் வேலை. சோதித்து, அறிக்கை எழுதி, கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இரங்கல் கூட்டத்தில் ஒருவர் "எப்போதும் சிரித்த முகம்" என்று பேசினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை பதினோரு மணிக்கு முன் செல்வராணி சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஒருமுறை மண் மூட்டையோடு பஸ்ஸில் ஏறினோம். லக்கேஜ் போடவேண்டும் என்று கண்டக்டர் பிடிவாதம் பிடித்தார். "மூட்டைக்குள்ள கோடிக்கணக்குல உசுரு இருக்கு, எல்லாத்துக்கும் டிக்கெட் கிழிக்கிறீங்களா?" என்று செல்வராணி கேட்டார். கண்டக்டர் ஒரு கணம் மூட்டையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "மடியில வச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊர் வந்து சேரும் வரை மடியில் வைத்திருந்தது நான்.

கிராமத்தாருக்கு நுண்ணுயிரைக் காட்ட அவர் வைத்திருந்த வழி பழைய வேட்டி. சதுரம் சதுரமாகக் கிழித்து ஒரு சாண் ஆழத்தில் புதைப்பார். ஒரு மாதம் கழித்துத் தோண்டினால், உயிருள்ள மண் துணியைத் தின்று நூலாக்கியிருக்கும். உயிர் குறைந்த மண்ணாக இருந்தால் அந்தத் துணியைத் துவைத்துக் காயப்போடலாம். என் வீட்டு வேட்டிகளில் பாதி அப்படித்தான் போயின. "முடிவு நமக்குப் பிடிச்சிருந்தா ரெண்டு தடவ பாருங்க. பிடிக்கலைன்னா ஒரு தடவ போதும்" என்பார். அதை அவரே ஒருமுறை மறந்தார்.

வல்லத்திராக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். சரளை கலந்த செம்மண்ணில் ஒரு பெரிய மேய்ச்சல் தரை. ஆண்டுக்கு ஆண்டு புல் குறைகிறது, ஆடுகள்தான் காரணமா என்று ஊராட்சியில் கேட்டார்கள். தரையின் ஒரு துண்டுக்கு முள்வேலி போட்டு, ஓராண்டு ஆடு நுழையாமல் பார்த்துக்கொண்டு, உள்ளே இருக்கும் மண்ணையும் வெளியே இருக்கும் மண்ணையும் ஒப்பிடுவது என்று முடிவு செய்தோம். வேலி போட்டுக் கொடுத்தவர்களே அங்கே ஆடு மேய்ப்பவர்கள்தாம். சின்னக்கருப்பு அண்ணன் முன்னின்று செய்தார்.

ஓராண்டு முடிந்து மண் எடுத்தோம். வேலிக்குள் இருந்த மண் எங்களை மலைக்க வைத்தது. புதைத்த துணி நூல்நூலாக வந்தது. வெளியே புதைத்த துணியில் இரண்டு ஓட்டைகள்தான். ஆட்டை நிறுத்தினால் மண் இவ்வளவு சீக்கிரம் பிழைத்துக்கொள்கிறதே என்று செல்வராணிக்கு ஒரே சந்தோஷம். மேய்ச்சலை மூன்று ஆண்டுகள் நிறுத்தி வைக்கலாம் என்று அறிக்கை எழுதினார். கிராமசபையில் துணிகளை மேசைமேல் பரப்பிக் காட்டினார். தீர்மானம் நிறைவேறியது. அந்தப் புல்லை நம்பிப் பதினோரு குடும்பங்கள் இருந்தன.

இப்போது சல்லடைக்கு வருகிறேன். வேலிக்குள் எடுத்த மண்ணை நான் சலித்தபோது கற்களோடும் வேர்களோடும் ஒரு கைப்பிடி ஆட்டுப் புழுக்கை நின்றது. ஆடே நுழையாத இடத்தில் புழுக்கை எப்படி என்று தோன்றத்தான் செய்தது. மழைத்தண்ணீர் அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். குப்பைக் கூடையில் கொட்டினேன். அவரிடம் சொல்லவில்லை, எங்கும் எழுதவுமில்லை. அன்று எனக்குச் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. இதைவிட நல்ல காரணம் ஏதும் இருந்தால் சொல்லியிருப்பேன்.

தீர்மானம் போட்ட பத்தாம் நாள் சின்னக்கருப்பு அண்ணன் மாடி ஏறி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஒங்களுக்காக ரெண்டு நா கெடை போட்டுக் குடுத்தோம். கடைசியில எங்களயே மேய்க்கக்கூடாதுங்கிறீங்களே, நாயமாங்க?"

செல்வராணிக்கு முதலில் விளங்கவில்லை. ஆடுகளை இரவில் வயலில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து மண்ணுக்கு உரமாகும். அதைத்தான் கிடை போடுவது என்பார்கள். வேண்டியவர்கள் நிலம் என்றால் கூலி வாங்காமலே போட்டுக் கொடுப்பதும் உண்டு.

"எங்க போட்டீங்க?"

"வேலிக்குள்ளதான். மத்த எடத்தவிட அது வறண்டுபோய்க் கெடந்துச்சு. மேடம் டெஸ்ட்டுல தோத்துரக் கூடாதேன்னு மழைக்கு முந்தி ரெண்டு ராத்திரி அடைச்சோம்."

"வேலி இருந்துச்சேண்ணே?"

"போட்டவங்களுக்குப் பிரிக்கத் தெரியாதாங்க?"

அவர் போனபின் செல்வராணி அறிக்கையை எடுத்து மறுபடி படித்தார். ஆடு இல்லாததால் செழித்தது என்று நாங்கள் எழுதிய மண், ஆட்டால் செழித்திருந்தது. அடுத்த ஆண்டு அறிக்கையில் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம் என்று எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் சொன்னார். "அதுவரைக்கும் ஆடு எதத் திங்கும்?" என்று செல்வராணி கேட்டார். அடுத்த கிராமசபையிலேயே போய் மைக்கைப் பிடித்தார்.

"போன தடவ நான் சொன்னது தப்பு. அத நம்பித் தீர்மானம் போட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு ரத்து பண்ணுங்க."

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் தெரியுது, புழுக்கை மட்டும் தெரியலையா மேடம்?"

கூட்டமே சிரித்தது. செல்வராணி சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "தெரிஞ்சிருக்கணும். பாக்காம விட்டது என் தப்புதான்" என்றார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். வார்த்தை வராமல் திக்கித் திக்கித்தான் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "தெரியும் சார். சல்லடை ஒங்க கையிலதானே இருந்துச்சு" என்றார்.

"அப்ப ஏன் மேடம் அங்க சொல்லல?"

"கையெழுத்து என்னோடது. நான் பதில் சொல்லிட்டேன். ஒங்களோடத நீங்க சொல்லணும்னு எப்பத் தோணுதோ, அப்பச் சொல்லுங்க."

மறுநாள் சல்லடை மாட்டியிருக்கும் ஆணிக்குமேல் அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'சல்லடையில் நின்றதையும் எழுதவும்.' யார் பெயரும் அதில் இல்லை.

பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை மேய்ப்பவர்களிடம் எதற்காக வேலி என்பதைச் செல்வராணி உட்கார்ந்து விளக்கினார். முதல் தடவை அதைச் செய்யவில்லை என்பதையும் அவர்களிடமே ஒப்புக்கொண்டார். மூன்று இடங்களில் துணி புதைத்தோம். ஆடுகள் நாள் தவறாமல் நிற்கும் இடத்தில் மண் மிதிபட்டு இறுகிக் கிடந்தது, துணி அப்படியே வந்தது. ஆடே வராத இடத்தில் கொஞ்சம் அரித்திருந்தது. சில நாள் மேய்ந்து, பிறகு புல் தழையும்வரை விட்டுவைத்த இடத்தில்தான் துணி நூலாகியிருந்தது. "ஆடு எதிரியும் இல்ல, சாமியும் இல்ல. எத்தன நாள் நிக்கிது, எத்தன நாள் வராம இருக்குங்கிறதுதான் விஷயம்" என்றார். தரையை மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதென்று மேய்ப்பவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். இன்றும் அப்படித்தான் மேய்க்கிறார்கள். அங்கே மழை பெய்தால் சின்னக்கருப்பு அண்ணன் மேடத்துக்குப் போன் செய்வது அதற்குப் பின் வந்த வழக்கம்.

ஆபீஸில் நடந்தது வேறு. அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பு இன்னொருவருக்குப் போனது. இளசுகள் அவர் முதுகுக்குப் பின்னால் 'புழுக்கை மேடம்' என்று பேர் வைத்தார்கள். நான் கேட்டிருக்கிறேன். ஓரிரு தடவை சேர்ந்து சிரித்தும் இருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இரங்கல் கூட்டத்திலும் அந்தக் கதையை ஒருவர் அன்போடுதான் சொன்னார்; எவ்வளவு பெரிய ஆளுக்கும் கண் தப்பும், ஆனால் மேடம் அதை மறைக்கவில்லை என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். சின்னக்கருப்பு அண்ணன் கடைசி வரிசையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது என்று சைகை காட்டி உட்கார்ந்துவிட்டேன். அடைத்தது உண்மைதான். ஆனால் பேச முடியாத அளவுக்கு அடைக்கவில்லை.

ஆபீஸில் இருந்த அவர் பொருட்களில் ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று மகள் சொன்னாள். ஆணிக்குமேல் ஒட்டியிருந்த அந்தத் தாளை மட்டும் கிழியாமல் உரித்து எடுத்து வந்தேன். இதை எழுதும்போது அது முன்னால் இருக்கிறது. அதில் சொன்னபடி, தாமதமாக, எழுதுகிறேன். வேலிக்குள் எடுத்த மண்ணில், சல்லடையில் நின்றவை: சரளைக் கற்கள், புல் வேர்கள், ஒரு கைப்பிடி ஆட்டுப் புழுக்கை. பார்த்தவன் நான். கொட்டியவன் நான். செல்வராணியின் கண்ணுக்கு அது வரவே இல்லை.