பன்னிரண்டாம் வாய்ப்பாடு

நசிமா டீச்சர் காலையில் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் வாங்கிப் பார்ப்பார். முதலில் உள்ளங்கை, அப்புறம் புறங்கை, கடைசியாக விரல்களை விரித்து இடுக்குகள். வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும் மைதாப் பசை அங்கேதான் காய்ந்து ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டி எடுப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். "தொட்டிக்குப் போயி கழுவிட்டு வா" என்பதோடு சரி.

எம். புதுப்பட்டியில் எங்கள் பள்ளிக்கு நாங்கள் இரண்டே ஆசிரியர்கள். ஐந்தாம் வகுப்பு எனக்கு. ஒன்று முதல் நான்கு வரை அவருக்கு. விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண். 2008 ஜூனில்தான் வந்து சேர்ந்திருந்தார்.

செப்டம்பரில் நாலாம் வகுப்பு பானுப்பிரியா ஒரு வாரம் வரவில்லை. தேடிப் போனோம். அவளுடைய அம்மா முருகம்மாள் குழாய் உருட்டுவதை நிறுத்தாமலே பேசினாள்.

"தீவாளி சீசன் டீச்சர். ஒத்தையாளா முடியல. பள்ளிக்கொடத்துக்கு அனுப்புறேன், சாயங்காலம் உருட்டட்டும். ஆனா ஒண்ணு. ஆபீசருக யாராச்சும் இந்த வாசல்ல வந்து நின்னாகன்னா, அன்னைக்கோட புள்ளைய நிறுத்திருவேன். அப்புறம் நீங்க வந்து கூப்பிட்டாலும் அனுப்ப மாட்டேன்."

டீச்சர் தலையாட்டினார்.

பத்தாம் நாள் ஜீப் வந்தது. எந்தப் பாடத்தில் பிள்ளைகள் எதுவரை வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்த அதிகாரி. அவர் கையிலிருந்த தாளின் கடைசிக் கட்டத்தில், 'வேலை செய்யும் பிள்ளைகளின் பெயர், முகவரி' என்று இருந்தது.

தமிழ் அட்டையைக் காளீஸ்வரன் திக்காமல் வாசித்தான். செல்வலட்சுமி வரைபடத்தில் வைப்பாற்றைத் தொட்டுக் காட்டினாள். அடுத்தது அறிவியல்.

"விதை முளைக்க என்ன வேணும்?"

"தண்ணி சார்," என்றான் முனியராஜ். "இங்கன அது ஒண்ணுதான் இல்ல."

அதிகாரி சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. கணக்குக்குப் பானுப்பிரியா எழுந்திருந்தாள்.

"ஒரு கட்டுல பன்னெண்டு பென்சில். பன்னெண்டு கட்டுல எத்தனை?"

சிலேட்டைத் தொடாமலே சொன்னாள். "ஒரு குரோஸ் சார்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. வெடிக்குழாய் உருட்டுகிறவர்களுக்குக் குரோஸ் கணக்கில்தான் கூலி.

"புத்தகத்துல அப்படி இல்லையேம்மா. யார் சொல்லிக்குடுத்தா?"

பானுப்பிரியா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான்தான் சார்," என்றார் நசிமா டீச்சர். "வாய்ப்பாட்டுக்காகச் சொல்லிக்குடுத்தேன்."

"இவளுக்கு மட்டுமா?"

"வகுப்புக்கே."

"சரி. குரோஸ்னா எவ்வளவு?" டீச்சரைப் பார்த்துத்தான் கேட்டார்.

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "சார் கேக்காக. சொல்லுங்க."

"நூத்தி நாப்பத்தி நாலு." ஒன்றாம் வகுப்பு வரிசையிலிருந்தும் குரல் வந்தது. பின்னாலிருந்து ஒருத்தன், "அரைக் குரோஸ் எழுவத்திரெண்டு" என்று சேர்த்துக்கொண்டான்.

டீச்சரின் மேலுதடு வேர்த்திருந்தது. அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது அவரைக் காப்பாற்றியதா, காட்டிக்கொடுத்ததா என்று எனக்குப் புரியவில்லை. அதிகாரி வரிசை வரிசையாகப் பிள்ளைகளின் விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்றைக்குக் காலையும் பசை சுரண்டப்பட்டிருந்தது.

"வாய்ப்பாடு நல்லா நடத்தியிருக்கீங்க," என்று சொல்லி, கடைசிக் கட்டத்தை நிரப்பாமலே கையெழுத்துப் போட்டார். ஜீப் தெருவுக்குள் திரும்பாமல் நேரே மெயின் ரோட்டுக்குப் போன பிறகுதான் டீச்சர் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை பானுப்பிரியா வாசலில் நின்று விரல்களை விரித்தாள்.

அவள் ஐந்தாம் வகுப்பு முடித்த வருடம் டீச்சருக்கு மாறுதல் வந்தது. ஆமத்தூர் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, தானாகவே சொன்னார்:

"எங்க கடையில எல்லாம் மூடையும் கிலோவும்தான் சார். அன்னைக்குப் பிள்ளைக சொல்ற வரைக்கும் குரோஸ்னா என்னன்னே எனக்குத் தெரியாது. பானு சொன்னது சரியா தப்பான்னுகூடத் தெரியாமத்தான் நான் சொல்லிக்குடுத்தேன்னேன்."