கையை நீட்டு

எண்பதுகளின் கடைசியில், இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸிலிருந்து என்னை ஆள் எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பதவி உயர்வாம், மண்ணாங்கட்டி! காலையில் மில் கேட்டுக்கு வெளியே பதிலி வேலைக்கு, அதாவது அன்று வராதவர்களின் இடத்தில் கூலிக்குப் போக, நிற்கிறவர்களிடம், "கையை நீட்டு" என்பேன். விரல்களை அழுத்திப் பார்ப்பேன். வியர்க்கிற கை நூலைக் கெடுக்கும். விறைத்த விரலால் அறுந்த நூலை முடிச்சுப் போட முடியாது. சர்டிபிகேட்டையெல்லாம் யார் பார்த்தார்கள்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் ஒருவன் வருவான். எங்கள் மில் மெஷினில் வலது கை விரல்களைப் பறிகொடுத்தவன். பெண்டாட்டிக்கு ஒரு வேலை கேட்டான். நிரந்தரத் தொழிலாளிக்கு அடிபட்டால் வீட்டில் ஒருவரை எடுப்பது வழக்கம்தான். ஆனால் இவன் பதிலி.

"பதிலிக்கு என்னய்யா வழக்கம்? விரட்டு" என்றார் மானேஜர். அவர் ஏசி அறையில் உட்கார்ந்துகொள்வார். கேட்டில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான்.

ஒருநாள் பெண்டாட்டியையும் கூட்டி வந்துவிட்டான். "செத்த நேரம் அவ கையப் பாருங்க சார்."

"போய்யா, உசுர வாங்காத!" என்று கத்திவிட்டு, கேட்டின் சின்னக் கதவு நிலையைப் பிடித்தபடி உள்ளே காலை வைத்தேன். அவன் கதவை எட்டி உதைத்தான். என் விரல்கள் இடுக்கில் சிக்கின. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. வாட்ச்மேன்கள் அவனைக் கீழே தள்ளி லத்தியால் விளாசினார்கள். மண்டை உடைந்து முகமெல்லாம் ரத்தம். அப்போதும் என்னைப் பார்த்துக் கத்தினான்: "ஏலே, இப்ப நீட்டுலே உன் கைய!"

ஆஸ்பத்திரிக்கு மானேஜர் வந்தார். "போலீசுக்கு எழுதிக் குடு. உள்ள தள்ளிருவோம்."

எனக்கும் அவனைக் கொன்றுபோடும் வெறிதான். ஆனால் கட்டுக்குள் விரல்கள் தெறிக்கத் தெறிக்க, வெறி இந்த மானேஜரின் மேலும் திரும்பியது. "எழுதுதேன் சார். அவன் விரல் நம்ம எந்த மெஷின்ல போச்சு, நட்டஈடு ஏன் குடுக்கலன்னும் சேத்து எழுதுதேன்."

அவர் முகம் செத்துவிட்டது.

"அவன் பொண்டாட்டிய எடுத்துக்கோங்க. நான் எதுவும் எழுதல."

"தொலை" என்று எழுந்து போனார்.

கழுத்தில் தூளி கட்டித் தொங்கும் கையோடு நான் மறுபடி கேட்டில் நின்ற அன்று அவள் தனியாக வந்தாள். நான் கேட்காமலே இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் தொடவில்லை.

"உள்ள போ."

போகாமல் என் கட்டையே பார்த்தாள். "ரொம்ப வலிக்குதா சார்?"

"பின்னே, இனிக்குமா?"

"வீட்டுல அவியளுக்கும் இப்பிடித்தான் சார். இல்லாத விரல்தான் ரொம்ப வலிக்குன்னு சொல்லுதாக" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.