விமலா அழிச்ச கோடு

விமலாவ விருந்துல பக்கத்துல ஒக்கார வச்சிக்க எனக்குப் பயம். தட்டு கைக்கு வந்ததும் அதத் தூக்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாப்பா. ஓரத்துல மயிரிழை விரிசல் இருந்தாப் போதும், சத்தமில்லாம அத என் பக்கம் தள்ளிட்டு என் தட்ட எடுத்துக்குவா. "சாப்பிட வந்தியா, கியூசி பண்ண வந்தியாடி?"ன்னு அதட்டுவேன். சிரிப்பா. பத்தொம்பது வருசம் கையுறை ஃபேக்டரியில ஓட்டை பாக்குற வேலையில இருந்தா யாருக்கும் கண்ணு அப்படித்தான் ஆவும்.

என் பேரு கலாதேவி. அதே ஃபேக்டரியில பேக்கிங்ல இருக்கேன், யூனியன் கமிட்டியிலயும் இருக்கேன். ஈப்போ புந்தோங் ஃப்ளாட்ல அவ மூணாவது மாடி, நான் ரெண்டாவது. அவளுக்கு நாப்பத்தாறு, என்னைவிட எட்டு வயசு சின்னவ. அவ கதைய நாந்தான் சொல்லணும். ஏன்னா அவளுக்கு வந்த வினையில பாதி என் வாயால வந்தது.

விமலா பொறந்தது தஞ்சோங் ரம்புத்தான் தாண்டி ஒரு எஸ்டேட்ல. அவ அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவங்க. இப்ப அங்க மரமும் இல்ல, லயத்து வீடும் இல்ல, மாடி வீடுங்க நெறஞ்ச தாமானாப் போச்சு. போனா போவட்டும்லா, நாங்கெல்லாம் அங்க கக்கூசுக்கே வரிசையில நின்னவங்க. பள்ளிக்கூடத்துல இவ நல்லா வரைவாளாம். யாரு கண்டா? அஞ்சாம் ஃபாரம் முடிஞ்சுது, கொஞ்ச வருசம் துணிக்கடை, கல்யாணம், ஒரு பையன், அப்புறம் ஃபேக்டரி. வீட்டுக்காரரு பாரிட் புந்தார்லருந்து அரிசி ஏத்திட்டு வர்ற லோரி ஓட்டுறாரு.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு நாள் வேலை முடிஞ்சு பஸ்ஸுல வரும்போது சொன்னா. ஈப்போ பழைய டவுன்ல ஒரு கோப்பிக் கடை மேல்மாடியில வரையக் கத்துக் குடுக்குறாங்களாம், சனிக்கிழமை சனிக்கிழமை. பேரு குடுத்துட்டாளாம்.

"இந்த வயசுல பென்சில் புடிச்சி என்னடி பண்ணப் போற, சின்னப் புள்ளைங்க மாதிரி யூபிஎஸ்ஆர் பரீட்ச எழுதப் போறியா?"

"சும்மாதான்க்கா. ஆசையா இருக்கு."

அந்த 'சும்மா'வ நானும் நம்புனேன். மூணு மாசத்துல ஓடி வந்துருவான்னு நெனச்சேன். அவ ஓடல.

டீச்சரு பேரு மிஸ் யீ. இருபத்தெட்டு வயசுப் பொண்ணு, எங்கயோ வெளிநாட்டுல படிச்சிட்டு வந்தது. ஆளு பூன மாதிரி இருக்கும், சட்டம் மட்டும் ராணுவம். மொத வருசம் சொந்தமா ஒரு கோடு போடக்கூடாது. முந்நூறு நானூறு வருசத்துக்கு முந்தி செத்துப்போன வெள்ளைக்காரப் பெருசுங்க வரைஞ்சத அப்படியே பாத்து வரையணும். மைக்கலாஞ்சலோ, ரெம்பிராண்ட், இன்னும் என் வாயில நொழையாத பேரெல்லாம். ஒரே ஒரு காலு, அத விமலா பதினோரு தடவ வரைஞ்சா. கைய நீட்டி, ஒரு கண்ண மூடி, பென்சில நட்டுக்குத்தாப் புடிச்சி அளவெடுப்பா. எங்க வீட்டுக்கு வந்தா அடுப்புக்குப் பக்கத்துல நிக்கிற கேஸ் தோம்பக்கூட அப்படித்தான் அளப்பா. "என்னையும் அளந்துறாதடி, அவ்ளோ பெரிய காயிதம் கெடைக்காது"ன்னு சொல்லுவேன்.

ஒரு முறை வச்சிருந்தாங்க அங்க. மொத கோடு போடுற அன்னைக்கே மிஸ் யீ காயிதத்து மூலையில தேதி போட்டுக் கையெழுத்து வச்சிரும். கெட்டுப்போச்சுன்னு யாரும் புதுக் காயிதத்துக்கு மாறக்கூடாது. தப்பு போட்டா அதுலயேதான் கெடந்து தேறணும்.

விமலாவுக்கு அங்க ஒரே ஒரு கெட்ட பேரு. ரெம்பிராண்ட் ஒரு கெழவரு காலு வரைஞ்சிருக்காருன்னு வச்சிக்குங்க, சுண்டுவிரல் கோணியிருக்கும். இவ வரைஞ்சா நேரா இருக்கும். கெழவி முகத்துல ஒரு பக்கம் தொங்குனா, இவ அதத் தூக்கிருவா. வேணும்னு செய்யமாட்டா, கை தானாச் செய்யும். மிஸ் யீ பெருமூச்சு விட்டுட்டு மலாய்ல சொல்லும்: "ஆன்ட்டி, மறுபடியும் ரிப்பேர் பண்ணிட்டீங்க."

"ரெம்பிராண்ட் மட்டும் தப்பான கோட்டக்கூட அழிக்கமாட்டாராம்க்கா. மேலயே இன்னொரு கோடு போட்டுட்டுப் போயிருவாராம்"னு என்கிட்ட வந்து அதிசயமாச் சொல்லுவா. தப்பக் கண்டா தூக்கிப் போடுறதுக்குத்தான் இவளுக்குச் சம்பளம். அவளுக்கு அது எப்படிப் புரியும்?

ரெண்டாவது வருசம் சிலை பாத்து வரையணும். வகுப்புல ஒரு சுண்ணாம்புக் கை இருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. இவளுக்குப் பாதிச் சனிக்கிழமை ஓவர்டைம். என்ன பண்ணுறதுன்னு மண்டைய ஒடைச்சிக்கிட்டு இருந்தவளுக்கு ஒரு நாள் லைன்ல நின்னப்ப பட்டுச்சாம், சுத்தி முத்தி வெள்ளைக் கையாத்தானே தொங்குது!

வெளிய இருக்கிறவங்களுக்கு இது தெரியாது. எங்க ஃபேக்டரியில ஆயிரக்கணக்குல பீங்கான் கை செயின்ல தொங்கிக்கிட்டே போவும். ரப்பர் பாலுக்குள்ள முங்கும், அடுப்புக்குள்ள போவும், வெளிய வரும்போது மேல கையுறை இருக்கும், உரிச்சி எடுத்துருவாங்க. ஒடைஞ்ச கைங்கள ஒரு தொட்டியில போட்டு அப்புறம் நொறுக்கிருவாங்க. விமலா லைன் சூப்பர்வைசர் பவித்ரன்கிட்ட கேட்டா. "ரிஜெக்ட்தானேக்கா, எடுத்துட்டுப் போங்க"ன்னு அந்தப் பையன் சொன்னான். வாய் வார்த்தைதான். கேட்ல காவலுக்கு இருந்த ஜாகாவுக்கும் ஒரு போன் போட்டுச் சொன்னான். இவ தொட்டியிலருந்து ஒண்ணு எடுத்தா. பெருவிரல் நுனியில அரிசியளவு பேந்து, அங்கருந்து ஒரு விரிசல் கீழ எறங்கியிருந்துச்சு.

மொத சனிக்கிழமை அத வகுப்புக்குத் தூக்கிட்டுப் போயி கோடு போட்டா. மிஸ் யீ தேதி போட்டுக் கையெழுத்து வச்சிச்சு. அப்புறம் மூணு வாரம் வீட்டுலதான். சாப்பாட்டு மேசையில கை, பக்கத்துல ஒரு லைட்டு. பையனும் புருசனும் தரையில ஒக்காந்து சாப்பிட்டாங்க, பாவம்.

முடிச்சதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுனா. நான் ஒண்ணும் லேசுல வாய் பொளக்குற ஆளில்ல. ஆத்தாடி! தொட்டா குளுரும்போல இருந்துச்சு. மணிக்கட்டுல இருக்குற கம்பெனி முத்திரை, சைஸ் நம்பர், அதக்கூட விடல. மிஸ் யீ அத வருசக் கண்காட்சிக்கு எடுத்துக்கிட்டு, ஃபேஸ்புக்லயும் போட்டுச்சு. விமலா வாழ்க்கையில அவ பேரு ஒரு சுவத்துல தொங்கப் போறது அதான் மொத தடவ. நாங்க எல்லாம் சேந்து கடையில ரொட்டிச் சானாய் பொட்டலம் கட்டி தபாவ் பண்ணிக் கொண்டாடுனோம்.

அந்த முத்திரைதான் வேட்டு வச்சிச்சு. ஃபேஸ்புக் படம் வாட்சாப்புக்கு வந்து, வாட்சாப்புலருந்து ஆபிசுக்குப் போயிருச்சு. அடுத்த வாரமே சூராட்டுன்னு ஒரு ஆபிஸ் கடுதாசி வந்துருச்சு. கம்பெனி பொருளத் திருடிக்கிட்டுப் போனதா விசாரணை. நிரூபணமானா வேலை போயிரும். பத்தொம்பது வருச வேலை! பையன் போலிடெக்னிக்ல ரெண்டாவது வருசம், வீட்டுக் கடன் பாதி நிக்குது. விமலா மூணு நாளா சோறு எறங்காம கெடந்தா.

நான் பவித்ரன்கிட்ட போயி சண்ட போட்டேன். "ரிஜெக்ட எடுக்கச் சொன்னேன்க்கா, எத எடுத்தாங்கன்னு நான் பாக்கலயே"ன்னான். புள்ளகுட்டிக்காரன், அவனுக்கு அவன் பயம். ஆக, ஒடைஞ்ச கையா நல்ல கையாங்கிறதுலதான் எல்லாம் நின்னுச்சு. நாந்தான் துள்ளிக் குதிச்சேன். "அந்தப் படத்த மிஸ் யீகிட்டருந்து வாங்கிட்டு வாடி! முத்திரை மொதக்கொண்டு வரைஞ்சவ விரிசல விட்டிருப்பியா? படமே சாட்சி!" அவளும் சரின்னு தலையாட்டுனா. ரெண்டு பேருல ஒருத்தியாவது அத ஒரு தடவ ஒழுங்காப் பாத்திருக்கலாம். பாக்கல.

புதன்கிழமை காலையில விசாரணை. புவான்னு நாங்க கூப்பிடுற எச்.ஆர். அம்மா, மேனேஜர், பவித்ரன், இவ, இவளுக்குத் துணையா நான். மேசை மேல பீங்கான் கை, பக்கத்துல படம். நான் நீட்டி முழக்கிப் பேசி முடிச்சேன். புவான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு படத்தப் பாத்தாங்க, கையப் பாத்தாங்க, மறுபடியும் படத்தப் பாத்தாங்க.

"இதுல விரிசலே இல்லையே."

நான் குனிஞ்சு பாத்தேன். பெருவிரல் முழுசா, வழவழன்னு, பேபி பொம்மை வெரல் மாதிரி இருந்துச்சு. அடிப்பாவி!

"ரிப்பேர் பண்ணிட்டேன்க்கா"ன்னா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. அவளுக்கே அப்பதான் தெரியுது.

புவான் கோவமாப் பேசல, அதான் இன்னும் பயமா இருந்துச்சு. "நீங்க எடுத்துட்டுப் போனப்ப இது நல்லா இருந்துச்சு, உங்க படமே சொல்லுது. வீட்டுலதான் ஒடைஞ்சிருக்கு. இல்லன்னா எது பொய் சொல்லுது? நீங்களா, படமா?"

"படந்தான் புவான்."

மேனேஜரு சிரிச்சாரு. நான் மேசைக்கடியில அவ காலத் தட்டுனேன். அவ என்னைத் திரும்பிப் பாக்கல. படத்த எடுத்து ஜன்னல் பக்கம் சாச்சிப் புடிச்சி, ஒரு கண்ண மூடிக்கிட்டு, கையுறையில ஊசி ஓட்டை தேடுற மாதிரி தேடுனா. அப்புறம் பையிலருந்து ஒரு பென்சில எடுத்தா.

"மொத நாளு இந்த விரிசல வரைஞ்சேன் புவான். கெட்டிப் பென்சில், நான் அழுத்திப் போடுவேன். அப்புறம் அழிச்சிட்டேன். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. கோடு போயிருச்சு, பள்ளம் போவல."

பென்சிலப் படுக்க வச்சி, அந்தப் பெருவிரல் மேல, வெளிச்சத்துக்காக வெள்ளையா விட்டிருந்த எடத்துல, பரபரன்னு தேச்சா. "ஏய்! கண்காட்சிப் படம்டி!"ன்னு கத்திட்டேன். அவ நிறுத்தல. மூணு வாரம் மூச்சப் புடிச்சி ஏத்துன வெளிச்சமெல்லாம் சாம்பப் பூசுன மாதிரி ஆயிருச்சு. அந்தச் சாம்பலுக்கு நடுவுல ஒரு கோடு மட்டும் கருக்காம வெள்ளையா நின்னுச்சு. பெருவிரல் நுனியிலருந்து பொறப்பட்டு, லேசா வளைஞ்சு, கீழ எறங்குன கோடு.

புவான் எந்திரிச்சி வந்து பீங்கான் கையப் பக்கத்துல வச்சிப் பாத்தாங்க. வளைவு, நீளம், எல்லாம் அச்சு அசலா அதேதான். மூலையில மிஸ் யீ போட்ட தேதிய, இவ கைய எடுத்துட்டுப் போனதா கேட் புத்தகத்துல இருந்த தேதியோட ஒத்துப் பாத்தாங்க. மூணு நாளுதான் வித்தியாசம். மேனேஜரு சிரிக்கல. பவித்ரன் தரையப் பாத்துக்கிட்டு இருந்தான்.

வேலை போவல. எழுத்துல அனுமதி வாங்கலன்னு ஒரு எச்சரிக்கை சூராட் மட்டும் குடுத்தாங்க. ஒடைஞ்ச கைய என்ன பண்றதுன்னு மேனேஜரு கேட்டாரு. "அது குப்பதானே, எடுத்துட்டுப் போவட்டும்"னு புவானே கேட் பாஸ் எழுதிக் குடுத்தாங்க. படத்தக் கேட்டோம். "அது விசாரணைச் சாட்சி, ஃபைல்ல இருக்கணும்"னு சொல்லிட்டு, ஓட்டை போடுற மெசினுல வச்சி ஒரே அமுக்கா அமுக்குனாங்க. மணிக்கட்டுக்குப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழுந்துச்சு.

பஸ் ஸ்டாப்புல ஒக்காந்து விமலா தேம்பித் தேம்பி அழுதா. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. "வேலை தப்பிச்சிச்சேன்னு கோயிலுக்கு ஓடாம, படம் போச்சேன்னு அழுவுறியா? இன்னொண்ணு வரையேன், கைதான் மடியிலயே இருக்கே!"

"அந்தப் படம் போனாப் போவுதுக்கா, அது பொய்யி"ன்னா, மூக்கச் சிந்திக்கிட்டே. "அந்த ஒரு கோடுக்கா. நான் ரிப்பேர் பண்ணாம உண்மையாப் போட்டது இந்த ரெண்டு வருசத்துல அது ஒண்ணுதான். அத மிஸ் யீகிட்ட காட்ட முடியாமப் போச்சே."

நானும் அவ பக்கத்துல ஒக்காந்துட்டேன். பஸ் வந்து நின்னு, நாங்க ஏறாம, அது போயிருச்சு.