வெளிநடப்பு புரியாத அமைச்சர்

போன வருடம் மே மாதம், புனேயில் ஹிஞ்சவாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் பயிற்சி அறையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் சிரிப்பும் நிறையக் கோபமும் வருகிறது.

நான் கோயம்புத்தூர்க்காரி. கல்யாணமாகி இங்கே வந்து, ஒரே கம்பெனியில் படிப்படியாக ஏறி, ஒரு குழுவை நடத்துகிறேன். எங்கள் பிரிவு முழுவதற்குமான தலைமைப் பதவி காலியானபோது, அது எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆசை ஆசையாகக் காத்திருந்தேன். அப்போது பார்த்து ஒரு புது விதி வந்தது. பதவிக்கு நிற்பவர்கள் தலைமைப் பயிற்சி ஒன்றை முடிக்க வேண்டும். கடைசித் தேர்வில் மார்க் போடுவது மனிதர் இல்லை, செயற்கை நுண்ணறிவு. அது தகுதியில்லை என்றால் பதவி கிடையாது.

தேர்வு என்னவென்றால், இரண்டு நாடுகள், ஒரே நதி. நான் கீழே இருக்கும் நாட்டின் பிரதிநிதி. மேலே இருக்கும் நாட்டின் அமைச்சராகத் திரையில் வந்து பேசுவது அந்த இயந்திரம். கோட்டு சூட்டு போட்ட முகம், வெண்ணெய் போன்ற குரல். இப்போதெல்லாம் தூதர்களுக்கே இப்படித்தான் பயிற்சி தருகிறார்கள் என்று பயிற்சி நடத்த வந்த மராத்திப் பெண் பெருமையாகச் சொன்னார். திரையின் ஓரத்தில் ஒரு பட்டை இருந்தது. இதமாகப் பேசினால் பச்சை ஏறும், குரல் உயர்ந்தால் சிவப்பாகும்.

எனக்கு முன்னால் போனவர்கள் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 'உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது' என்று நாலு தடவை சொன்னால் போதும், பட்டை பச்சைப்பசேல் என்று ஆகிவிடும். கடைசியில் அமைச்சர் ஓர் ஒப்பந்தத்தை நீட்டுவார். மின்சாரம் தருகிறோம், வியாபாரம் தருகிறோம், கோடையில் மட்டும் தண்ணீர் கேட்காதீர்கள் என்பார். எல்லோரும் சிரித்த முகமாகச் சம்மதித்துவிட்டு வந்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அந்த அறையில் பாதிப் பேர் என்னைப் போல வாகட் பக்கத்து அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள். மே மாதம் வந்தால் எங்களுக்கு டேங்கர் தண்ணீர்தான் கதி. காலையில் டேங்கர்காரருக்குப் போன் மேல் போன் போட்டுக் கெஞ்சிவிட்டு வந்தவர்கள், மத்தியானம் உட்கார்ந்து ஒரு நாட்டின் கோடைத் தண்ணீரையே எழுதிக் கொடுக்கிறார்கள்! கேட்டால், விளையாட்டுதானே என்கிறார்கள்.

என் முறை வந்தது. நல்ல பிள்ளையாகத்தான் ஆரம்பித்தேன், பச்சையும் ஏறியது. ஒப்பந்தம் வந்ததும், குடிதண்ணீரை மட்டும் தனியாக ஒதுக்குங்கள், மற்றதை எப்படி வேண்டுமானாலும் பேசலாம் என்றேன். அமைச்சர் என் கவலையை மிகவும் மதிப்பதாகச் சொல்லிவிட்டு, அதே ஒப்பந்தத்தை மறுபடியும் நீட்டினார். நான் எப்படிக் கேட்டாலும் அதே மதிப்பு, அதே ஒப்பந்தம். சரி, அப்படியானால் நான் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கோபத்தில் ஓடிவந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சட்டசபை வெளிநடப்பைச் செய்தியில் பார்த்தே வளர்ந்தவள் நான். துணிக்கடையில் விலை படியாவிட்டால் நாலடி நடப்போம். உடனே, "இங்க வாங்கக்கா, என்னதான் குடுப்பீங்க, சொல்லுங்க" என்று கூப்பிடுவார்கள். பேரமே அங்கேதான் ஆரம்பிக்கும். புனேச் சந்தையிலும் அப்படித்தான். அதனால் ஒரு காபியைப் பிடித்துக்கொண்டு, கூப்பிடட்டும் என்று கெத்தாக நின்றேன்.

காபிதான் காலியானது. என்னோடு வேலை பார்க்கும் சென்னைத் தம்பி கதவுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"அக்கா, இங்க என்ன பண்றீங்க? நீங்க எழுந்ததுமே அது முடிச்சிடுச்சு. ஃபெயில்னு வந்திருக்கு."

"ஃபெயிலா? ஏந்தம்பி, அந்த ஆளு என்னைக் கூப்பிடவே இல்லையா?"

"ஐயோ, அது ஆளே இல்லக்கா!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

உள்ளே போய்ப் பார்த்தால் திரையில் என் ஜாதகம். அழுத்தம் தாங்காமல் வெளியேறுகிறார், தலைமைக்குத் தகுதியில்லை என்று எழுதியிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. தம்பி என் காதோரம், "சாரி சொல்லி இன்னொரு தடவை கேளுங்கக்கா. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போஸ்ட் உங்களுக்குத்தான்" என்றான்.

"அதுக்கு வேற ஆளப் பாரு" என்றேன்.

பின் வரிசையில் எங்கள் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். லேசில் மசிகிற ஆள் இல்லை. நேராக அவரிடம் போனேன். சார், அமைச்சர் இடத்தில் நீங்கள் உட்காருங்கள், அதே ஒப்பந்தத்தை நீட்டுங்கள் என்றேன். பயிற்சிப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது, சொட்டுத் தண்ணீர் தர மாட்டேன் என்று நின்றார். நான் எழுந்தேன். நடந்தேன். கதவுப் பிடியில் கை வைத்திருப்பேன்.

"அரே மேடம், பைட்டியே தோ!"

உட்காரச் சொல்லிவிட்டு அவரே திருதிருவென்று விழித்தார். அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து நிஜமாகவே பேரம் பேசினேன். மின்சாரத்தில் விட்டுக்கொடுத்தேன், வியாபாரத்திலும் விட்டுக்கொடுத்தேன். குடிதண்ணீரைத் தனியாக ஒதுக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆனால் இயந்திரம் போட்ட மார்க்கை மாற்ற வழியில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பச்சையை அதிகம் ஏற்றியவருக்குப் பதவி போனது. வீட்டுக்குப் போய் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? எத்தனை வருட ஆசை அது! வருத்தமாக இருக்கிறதா என்று தம்பி கேட்டபோது, "வருத்தந்தான். ஆனா திருப்பி உட்கார வெச்சாலும் எந்திரிச்சுத்தான் போவேன்" என்றேன்.

இந்த வருடம் இன்னொரு பதவிக்காக மறுபடியும் அதே பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகத்தான் போகிறேன். தாகம் என்றால் என்னவென்றே தெரியாத ஒன்று காட்டும் பச்சைக்காக, ஜனங்கள் குடிக்கிற தண்ணீரை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன், அது விளையாட்டுக்கு வரைந்த நதியாகவே இருந்தாலும் சரி.