தையலுக்கு விடாத கால் அங்குலம்

என் அண்ணைக்கு நேராக வெட்டத் தெரியும். இதை நான் எந்தக் காலத்திலும் மறுத்தவள் அல்ல. கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் படவரைஞராக இருந்தார். பாலத்துக்கும் மதகுக்கும் படம் கீறுகிற ஆளுக்குக் கோடு கோணினால் யார் சம்பளம் கொடுப்பார்கள்? ஆனால் நேராக வெட்டுவது வேறு, சரியாக வெட்டுவது வேறு. இதை எங்கள் வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை. இத்தனை வருடம் போன பிறகும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் தொடக்கம். துணிக்கும் பங்கீட்டுக் கூப்பன் இருந்த காலம். சுன்னாகத்துக்குக் கிட்ட எங்கள் ஊர். வெங்காயமும் மிளகாயும் நட்டுப் பிழைக்கிற குடும்பம். தையல் ஆசிரியை ஆவதற்கான பரீட்சையில் எழுத்துப் பகுதியை நான் பாஸ் பண்ணியிருந்தேன். செய்முறைதான் மிச்சம். அதற்குச் சொந்தக் கையால் தைத்த ஒரு பெரிய உருப்படி கொண்டுபோக வேண்டும். சின்னச் சின்னத் துண்டுகளைப் பொருத்தித் தைத்த ஒரு கட்டில் விரிப்பு. புதுத்துணியாக இருக்க வேண்டும், ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் இருக்க வேண்டும். குறைந்தால் கையிலும் எடுக்கமாட்டார்கள் என்று முந்தின வருடம் போய் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அப்பாவை நாங்கள் ஐயா என்போம். அவர் முன்கூட்டியே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "இந்த ஒருக்காத்தான் பிள்ளை. சரிவரேல்லையெண்டால் பிறகும் பரீட்சை எண்டு என்னட்டை வரக்கூடாது. வீட்டிலை இரு. ஒரு நல்ல இடத்திலை பேசி முடிப்பம்."

அந்த நல்ல இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டைப்போலவே இருக்கும். ஆகவே அந்த விரிப்பு எனக்கு வெறும் விரிப்பு அல்ல. வெளியே போவதற்கு எனக்கு இருந்த ஒரே படலை.

வீட்டுக் கூப்பன்களை எல்லாம் சேர்த்துச் கூட்டுறவுச் சங்கக்கடையில் நீலச் சீத்தைத் துணியும் மஞ்சள் சீத்தைத் துணியும் வாங்கினோம். அம்மா தன் தீபாவளிச் சேலையை அந்த வருடம் விட்டுக்கொடுத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

நான் போட்ட கணக்கு இதுதான். நீலமும் மஞ்சளுமாக ஒன்பது சதுரம் சேர்ந்தால் ஒரு கட்டம். அப்படி அகலத்துக்கு ஐந்து கட்டம், நீளத்துக்கு ஏழு. ஒரு சதுரத்தின் அளவுக்குக் கடும் மட்டையில் ஓர் அச்சு வெட்டி வைத்திருந்தேன். அந்த மட்டையைத் துணியில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு கீற வேண்டும். பிறகு நாலு பக்கமும் கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். அந்தக் கால் அங்குலம்தான் தையலுக்குள் போய் மறைகிற துணி. ஊசி பிடித்த சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

புதுத்துணியில் கத்தரிக்கோல் வைக்க எங்கள் வீட்டில் நாள் பார்ப்பார்கள். ஐயா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, கார்த்திகை முடிகிறதற்கு முன் ஒரேயொரு நல்ல நாள்தான் மிச்சம் என்றார். அதை விட்டால் மார்கழி. மார்கழியில் புதிதாக ஒன்றும் தொடங்கக்கூடாது. தை பிறக்கும்வரை பொறுத்தால், தை முடிவில் வருகிற பரீட்சைக்கு எப்போது தைப்பது? சரி, அந்த நாளுக்கே வெட்டுவோம் என்று எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்தேன்.

அன்று விடியவே எனக்குத் துடக்கு வந்துவிட்டது.

மாதத்தில் அந்த மூன்று நாளும் பெண்பிள்ளை பக்கத்து அறையில் தனிப் பாயும் தனிக் கோப்பையுமாக இருக்க வேண்டும். சாமி அறைக்குப் போகக்கூடாது, அடுப்படிக்குப் போகக்கூடாது, புதுத்துணியைத் தொடவே கூடாது. அம்மா விறாந்தையில் நின்று, ஐயாவுக்கும் அண்ணைக்கும் கேட்கத்தக்கதாக, "இவளுக்குத் துடக்கு, இவள் வெட்டேலாது" என்று அறிவித்தார். நல்ல நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. சேர்த்து வைத்த லீவில் வந்து நின்ற அண்ணை, "உதென்ன பெரிய வேலையே, நான் வெட்டித் தாறன்" என்றார். வீடே குளிர்ந்துபோயிற்று.

அவர் கத்தரிக்கோலைத் தொடவில்லை. பலகையை வைத்து, துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கி, இரும்பு அடிமட்டமும் சவர பிளேட்டும் எடுத்துக்கொண்டு குந்தினார். அறைக்குள் இருந்த எனக்குச் சர்ர், சர்ர் என்று சத்தம் கேட்டது. நான் கோடு கீறுவதற்கு எடுக்கிற நேரத்தில் அவர் பாதித் துணியை முடித்துவிடுவார்போல் இருந்தது.

"அண்ணை, தையலுக்கு விட்டே வெட்டுறியள்?" என்று உள்ளே இருந்து கத்தினேன்.

"மட்டை அளவுக்கு அச்சொட்டா வெட்டுறன். நீ சும்மா இரு."

அச்சொட்டாக! எழும்பி வாசலுக்கு ஓடினேன். அம்மா குறுக்கே வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "உள்ளுக்கை போ. துணியிலை உன்ரை நிழல் விழப்போகுது."

"அம்மா, அவர் பிழையா வெட்டுறார். கால் அங்குலம் விடச் சொல்லுங்கோ."

"அவன் பாலத்துக்குப் படம் கீறுறவன். நீ அவனுக்குப் படிப்பிக்கிறியே?"

சர்ர் என்ற சத்தம் நிற்கவில்லை. நான் திரும்பிப் போய்ப் பாயில் குந்தினேன்.

நாலாம் நாள் தலைமுழுகிவிட்டு வந்து பார்த்தேன். துண்டுகள் செங்கல் அடுக்கினமாதிரி மேசையில் இருந்தன. நீலம் ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். ஒன்றை எடுத்து மட்டையில் வைத்தேன். நூல் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தையலுக்கு விட்ட துணி என்று ஒன்றுமே இல்லை. ஒரு கட்டத்தைத் தைத்து அளந்தேன். ஓரடி வரவேண்டியது ஒன்றரை அங்குலம் குறைந்தது. அப்படிப் பார்த்தால் முழு விரிப்பின் நீளம் ஒரு சாணுக்கு மேல் குறையும். வேறு துணியும் இல்லை, கூப்பனும் இல்லை.

அண்ணையிடம் காட்டினேன். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நீ மட்டையிலேயே அதைச் சேர்த்து வெட்டியிருக்க வேணும். பிழை மட்டையிலை" என்றார்.

"நான் அறைக்குள்ளை இருந்து கத்தினனானோ இல்லையோ?"

"நீ எப்பவும் கத்திறனிதானே."

ஐயா சாய்மனைக் கதிரையில் படுத்தபடி, "சின்னனாத் தைச்சால் என்ன? பிள்ளை பிறந்தால் தொட்டிலுக்கு விரிக்கலாம்" என்றார். எனக்கு இன்னும் கல்யாணமே பேசவில்லை. அதற்குள் தொட்டில். அம்மாவோ, "பாவம், லீவிலை வந்த பிள்ளை, முழங்கால் நோக நோக இருந்து வெட்டினவன்" என்று அவருக்கு முட்டைக் கோப்பி அடித்துக் கொடுத்தார். கெட்டது என்னுடைய துணி, கோப்பி அவருக்கு.

அன்றும் அடுத்த நாளும் அந்தத் துண்டுகளோடேயே கிடந்தேன். கோபம் வந்தால் எனக்குக் கணக்கு நன்றாக ஓடும். தையலை ஒடுக்கமாகப் பிடித்தால் அளவு கொஞ்சம் மிஞ்சும். ஆனால் பரீட்சைக்காரர் தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பார்கள், பிரிந்துவிடும். வேறு வழி தேட வேண்டும். துண்டுகளை மீண்டும் மீண்டும் அளந்தபோதுதான் ஒன்று புரிந்தது. எல்லாத் துண்டும் ஒரே அளவு பிழை. கண்டபடி வெட்டியிருந்தால் குப்பையில்தான் போட்டிருக்க வேண்டும். எங்கள் அண்ணை பிழையையும் ஒழுங்காகச் செய்திருந்தார். எல்லாக் கட்டமும் ஒன்றரை அங்குலம் குறைவென்றால், கட்டத்துக்குக் கட்டம் நடுவில் ஒன்றரை அங்குலத்தில் ஒரு பட்டி கொடுத்தால் போதும். சுற்றிவரவும் அதே பட்டியை ஓட்டினால் அளவு கொஞ்சம் கூடவே நிற்கும். வெள்ளைப் பட்டியாக இருந்தால் நீலமும் மஞ்சளும் எடுப்பாகவும் தெரியும்.

வெள்ளைக்கு எங்கே போவது? பழைய துணி எடுபடாது. வீட்டில் இருந்த புதுத்துணி ஒன்றே ஒன்றுதான். பொங்கலுக்குக் கட்ட அண்ணைக்கு ஐயா வாங்கி அலுமாரியில் வைத்திருந்த எட்டு முழ வேட்டி.

நான் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தபின் எதற்குக் கேட்க வேண்டும்? செவ்வாய்க்கிழமை, மார்கழி மாதம், பின்னேரம் மூன்று மணி தாண்டிய ராகுகாலம். வேண்டுமென்றே அந்த நேரத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். வேட்டியை விறாந்தையில் விரித்தேன், கரையை நறுக்கி எறிந்தேன், எல்லாரும் பார்க்கப் பட்டி பட்டியாக வெட்டினேன். துணி மெல்லியது, ஆகையால் இரட்டையாக மடித்துத் தைக்கிற அளவுக்கு அகலம் விட்டேன். தையலுக்கும் விட்டேன்.

ஐயா பட்ட பாடு சொல்லி முடியாது. "பொங்கல் வேட்டியடி! ராகுகாலத்திலையடி! இந்த வீட்டை என்ன செய்யப் பார்க்கிறாய்?" என்று முற்றத்துக்கும் விறாந்தைக்குமாகப் பாய்ந்தார். நான் தலையை நிமிர்த்தவில்லை. அண்ணை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தங்கச்சி, கோணுது. நான் வெட்டித் தரட்டே?" என்று கேட்டார். கத்தரிக்கோலைக் கையில் வைத்திருக்கும் ஆளிடம் இப்படிக் கேட்கக்கூடாது. நான் பார்த்த பார்வையில் அவரே உள்ளே போய்விட்டார்.

மார்கழி முழுவதும் தையல் மெசினைச் சுற்றினேன். பொங்கலன்று அண்ணை பழைய வேட்டியோடு பானைக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை.

பரீட்சை யாழ்ப்பாணப் பட்டினத்தில் நடந்தது. பரீட்சகராக வந்த அம்மையார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு விரிப்பை மறுபக்கம் திருப்பித் தையலை இழு இழு என்று இழுத்தார். நீள அகலம் அளந்தார். பட்டிகள் சந்திக்கும் மூலைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "உந்தப் பட்டி ஆரின்ரை யோசனை?" என்று கேட்டார். "என்ரை" என்றேன். பங்குனியில் நான் பாஸ் என்று தெரியவந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் என் கோபமும் அதோடு முடிந்திருக்கும். சித்திரை வருடப்பிறப்புக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். அண்ணையும் லீவில் வந்து நின்றார். பெரியப்பா என்னைப் பாராட்டத் தொடங்கவே ஐயா முந்திக்கொண்டார். "தமையன்தான் வெட்டிக் குடுத்தவன். நல்ல நாள் பார்த்து, நல்ல நேரத்திலை வைச்ச கை. ராசியான கை." பெரியம்மா உடனே தன் மகளின் கல்யாணக் கூறைச் சட்டைத் துணியையும் அண்ணையே வெட்டட்டும் என்றார். அண்ணை, அந்த மனிசன், தலையாட்டினார்!

பலகாரத் தட்டை அப்படியே மேசையில் வைத்தேன். "பெரியப்பா, அண்டைக்கு எனக்குத் துடக்கு. அதாலை என்னை வெட்ட விடேல்லை. அண்ணை வெட்டிப் பழுதாக்கினவர். அவரின்ரை பொங்கல் வேட்டியை வெட்டி நான்தான் அதைச் சரிக்கட்டினனான்" என்றேன்.

பெரியப்பா வாயில் வைத்த முறுக்கைக் கடிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஐயா நிலத்தைப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"ஆம்பிளையள் இருக்கிற இடத்திலை உந்தச் சொல்லைச் சொல்ல உனக்கு வெக்கமில்லையே?"

"என்னைத் தடுக்கேக்கை நீங்கள் விறாந்தையிலை நிண்டு இதே ஆம்பிளையளுக்குச் சொன்னியள். நான் சொன்னால் மட்டும் வெக்கமோ? அவர் பிழையா வெட்டுறார் எண்டு கத்தினனே, ஒரு ஆள் கேட்டியளோ?"

அம்மா அடுப்பை ஊதுவதுபோல் குனிந்தார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "எனக்குத் தெரியாதே? இந்த வீட்டுத் தலையணை உறை முழுக்க நான்தானே தைக்கிறனான். நீ கத்தமுன்னமே கண்டனான், அவன் தையலுக்கு விடேல்லை எண்டு."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"லீவிலை வந்த ஆம்பிளைப் பிள்ளையைப் பிழை எண்டு என்னெண்டு சொல்லுறது?"

ஐயாவிலும் அண்ணையிலும் எனக்கு இருந்த கோபம் வயது போகப் போகக் குறைந்துவிட்டது. அவர்களுக்குத் தையல் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். எனக்காகத் தன் தீபாவளிச் சேலையை வேண்டாம் என்றவர், வாசலில் கையை விரித்து என்னை மறித்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் அந்தத் துணி பிழையாகப் போவதைத் தெரிந்துகொண்டே நின்றார். அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.