இருபத்தெட்டே காலில் ஒன்றே முக்கால்

ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். கலப்புப் பின்னங்களைக் கழிக்கும் பாடம் வந்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். ஐந்தே காலில் இரண்டே முக்காலைக் கழிக்கச் சொன்னால், வகுப்பில் பாதிப் பேர் ஐந்தில் இரண்டு போக மூன்று, முக்காலில் கால் போக அரை, ஆக மூன்றரை என்று எழுதி வைப்பார்கள். காலிலிருந்துதான் முக்காலை எடுக்க வேண்டும், போதாது, ஆகவே ஐந்தில் ஒன்றை உடைத்து நான்கு கால்களாக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது மண்டையில் ஏறாது. "பெருசுல இருந்து சின்னதத்தான் எடுக்கணும்னு உங்கிட்ட யாரு சொன்னா ஏளா?" என்று கத்துவேன்.

என் கணவர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பத்து வாரம் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவை நான் பெட்பேன் எடுத்து வரும்போதும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அதில் அருவருப்பு ஒன்றும் இல்லை. அவருக்குத்தான் அவமானம்.

"வீட்டுக்குப் போயி பாத்ரூம் கதவச் சாத்திட்டு தனியா இருக்கணும். அது ஒண்ணு போதும்" என்றார்.

ஆஸ்பத்திரியிலேயே வீல்சேரிலிருந்து கமோடுக்குத் தானாக மாறி உட்காரப் பழகிக்கொண்டார். நான் வீட்டில் கமோடு பக்கத்துச் சுவரில் கைப்பிடி பதிக்கச் செய்தேன். திரேஸ்புரத்தில் எங்களுடையது வாடகை வீடு. பாத்ரூமுக்குள் இடம் தாராளம், வாசல்தான் குறுகல். டேப் வைத்து அளந்தேன். நிலையின் உள்அகலம் இருபத்தெட்டே கால் இன்ச். கதவைத் திறந்தால் உள்சுவரில் இடித்து நேராக நின்றுவிடும். அந்தப் பலகையின் கனம் ஒன்றே முக்கால், வாசலில் அவ்வளவும் குறையும்.

வீல்சேர் கடைக்காரர் போன் செய்தபோது ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர் வரிசையில் நின்றிருந்தேன்.

"ரெண்டு சைஸ் இருக்கு டீச்சர். இருவத்தேழு இன்ச், இருவத்தஞ்சு இன்ச். எது வேணும்?"

மனக்கணக்காகக் கழித்துப் பார்த்தேன். இருபத்தேழரை வந்தது. கணவர் அகலமான ஆள், தாராளமாக உட்காரட்டும் என்று, "இருவத்தேழே குடுங்க அண்ணாச்சி" என்றேன்.

சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்தோம். அவர் நேராகப் பாத்ரூமுக்குத்தான் வண்டியை உருட்டினார். ஒரு பக்கம் சக்கரம் நிலையில் இடித்தது, மறுபக்கம் கதவில். பின்னால் போய் மறுபடி வந்தார். மறுபடியும் இடித்தது. நான் டேப்பை எடுத்துப் பலகைக்கும் நிலைக்கும் நடுவில் வைத்தேன். இருபத்தாறரை.

இருபத்தெட்டில் ஒன்று போக இருபத்தேழு, முக்காலில் கால் போக அரை. பதினெட்டு வருஷமாக சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருக்கும் அதே தப்பு. வெட்கமாக இருந்தது. கடைக்குப் போன் போட்டேன். சின்ன சைஸ் விற்றுப்போய்விட்டது, புதன்கிழமைதான் வரும் என்றார்கள்.

"பெட்பேன் எடுக்கட்டுமா?" என்றேன்.

முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். உப்புக்காற்றில் கீல் திருகுகள் துருவேறிக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டு, உள்ளங்கை தோல் உரிய, ஆறு திருகுகளையும் கழற்றிக் கதவைத் தூக்கி ஓரமாகச் சாய்த்தேன். இப்போது முழு இருபத்தெட்டே கால். பழைய போர்வை ஒன்றைக் குறுக்கே கட்டினேன்.

வண்டி உள்ளே போய்விட்டது. கடல் காற்றுக்குப் போர்வை விலகி விலகி ஆடியது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ அங்கன நிக்கியா?"

"நிக்கேன்."

"நீ நிக்கதுன்னா எனக்கு வேண்டாம்."

போர்வையை விட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, தெருக்கதவைச் சாத்தி, அவருக்குக் கேட்கிற மாதிரி நாதாங்கியை இழுத்து மாட்டினேன். வெயிலில் நின்றேன். எதிர்வீட்டுக்காரி, "வந்த அன்னைக்கே அவியள உள்ள வச்சுப் பூட்டிட்டு எங்க டீச்சர் கெளம்பிட்டிய?" என்றாள். சும்மாதான் என்றேன்.

கால் மணி நேரம் இருக்கும். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்.

"ஏளா! எவ்வளவு நேரம் வெளிய நிப்ப? கதவத் தொற!"

பத்து வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னை அதட்டினார். சந்தோஷத்தில் நாதாங்கி கைக்குச் சிக்கவில்லை.